கொம்பு

சனிக்கிழமைப் பயிற்சி, புளியந்தோப்பில்.
மூன்று மின்விசிறிகளில் ஒன்றுதான் சுற்றியது.
வருகைப் பதிவேட்டில் கையெழுத்து,
எலுமிச்சை சாதப் பொட்டலம்,
திரையில் நீல நிறத்தில் ஒரு சொல்: டிஸ்லெக்சியா.
கடைசி வரிசையில் நான்
மளிகைப் பட்டியலை வாட்ஸாப்பில்
சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சி தர வந்த செலின்
பலகையில் 'கோழி' என்று எழுதினாள்.
"எந்தச் சத்தம் முதலில் வருது?"
"க்" என்றோம் கோரஸாக.
"எதை முதலில் எழுதுறீங்க?"

கொம்பை.

பின்னால் ஒலிப்பதை முன்னால் எழுதி
அதில் மிச்சத்தைக் காலாக்கி
அந்தப் பக்கம் நட்டுவிட்டு,
பத்தொன்பது வருடமாய்ச் சொல்லித் தருகிறேன்.
ஒரு நாளும் எனக்கு அது
விசித்திரமாய்ப் பட்டதில்லை.

டில்லிபாபு ககரத்தைத்தான் முதலில் எழுதுவான்.
அப்புறம் கொம்புக்கு இடம் தேடுவான்.
அது போய் அடுத்த எழுத்தின் தலைமாட்டில் நிற்கும்.
காதில் விழுந்த வரிசையில் எழுதியிருக்கிறான்.
நான் சிவப்பு மையில் சுழித்திருக்கிறேன்,
நூறு தடவை எழுதச் சொல்லியிருக்கிறேன்,
நூறு தடவையும் அவன்
அப்படியே எழுதி வந்திருக்கிறான்.

காலாண்டு அட்டையில் நான் எழுதியது: சோம்பேறி.
அந்தச் சொல்லில் இரண்டு கொம்புகள்.
அவனால் படிக்க முடியாத சொல்லாலேயே
அவனை அழைத்திருக்கிறேன்.

"இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு
வேற திறமை இருக்கும் மேடம்"
என்றார் பக்கத்து நாற்காலி.
இருக்கட்டும்.
அவன் கேட்பது அதை இல்லை,
வியாசர்பாடி நிறுத்தத்தில்
பஸ் நெற்றியில் ஓடும் எழுத்தைப்
பக்கத்தில் நிற்பவரைக் கேட்காமல்
படிக்க வேண்டும் அவனுக்கு.

கை தூக்கினேன்.
நாற்பத்திரண்டு பேர், நாற்பது நிமிடம்,
அவனுக்கென்று எப்போது?
செலின் திரையை அணைத்தாள்.
"எனக்குப் பதினோரு பள்ளிக்கூடம், ஒரு ஸ்கூட்டி."
எல்லாரும் சிரித்தார்கள், அவளும்தான்.
பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கருத்துப் படிவத்தில்
மிக நன்று, நன்று, பரவாயில்லை.
எதிலும் டிக் அடிக்காமல் எழுதினேன்:
அரை நாள் போதாது. வகுப்புக்கு வாருங்கள்.

திங்கட்கிழமை மழை.
கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர்,
நனைந்து, தாமதமாய் வந்தான்.
இனிப்புப் பெட்டி அட்டையில் வெட்டிய
ஒரு 'க', ஒரு கொம்பு, ஒரு கால்.
பெஞ்சில் பரப்பினேன்.
ககரத்தை வைத்தான்.
"சரிதான், சத்தம் அதுதான் முதல்" என்றேன்.
என்னை நிமிர்ந்து பார்த்தான்,
ஏதோ வம்பில் மாட்டிவிடுகிறேன் என்பதுபோல.
பிறகு கொம்பை எடுத்து
இந்தப் பக்கம் வைத்தான், அந்தப் பக்கம் வைத்தான்,
ஒரு விரலால் மெல்லத் தள்ளி
முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான்.

நாலு நிமிடத்துக்கு ஒரு 'கோ'.
'ழி' நாளைக்கு.

மணி அடித்தது.
இரண்டாம் பெஞ்சில் ரஹமத்நிஷா
புத்தகத்தின் மேல் கையை வைத்து மறைத்தபடி
பக்கத்துப் பெண்ணின் உதட்டைப் பார்த்துப் பார்த்து
வாயசைத்துக்கொண்டிருந்தாள்.
ஜூனிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

அட்டை தீர்ந்துவிட்டது.