நாலு விரக்கடை

முனிச்சாலை மாடிவீட்டின் உள்ளறைக்கு
ஏன் சார் சிவப்பு அடித்தீர்கள் என்று
துளசிராம் சாரிடம் கேட்டோம்.
கல்யாண மண்டபத்துக்கு வாங்கி மிஞ்சிய டப்பாவாம், நாலு.
"வீணாகுமேன்னு அடிச்சேன்.
மாத்தணும்னா உங்க காசு."
அட்வான்ஸ் கொடுத்தபின் எங்கள் காசு
எழுநூற்றுச் சொச்சம்.

பெயிண்டர் காசிமாயன் வந்து பார்த்தார்.
நடுநடுவே வெள்ளைப் பட்டை இழுத்துவிட்டால்
கோயில் மதிலாகிவிடும்,
ஓர் உண்டியல் வைத்தால் வாடகைக்கு ஆச்சு என்றார்.
சேசுராஜ் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.
காசிமாயன் டீ குடித்துவிட்டுப் போனார்.

சிவப்போடு எதுவும் ஒத்துப்போவதில்லை.
விளக்குத்தூணில் எடுத்த பச்சைத் திரையை மாட்டினேன்,
அறை தர்பூசணி ஆயிற்று.
மஞ்சள் போர்வை விரித்தேன்,
வேப்பிலை மட்டும்தான் குறை.
எல்இடி பல்பில்
இருவருக்கும் காய்ச்சல்காரர் முகம்.
கண்ணாடியை மாட்டினால்
அது எதிர்ச்சுவரையும் கூட்டிக்கொண்டு வந்தது.
இறக்கிவைத்தேன்.
பக்கத்து வீட்டுப் பையன் எட்டிப் பார்த்து
"கட்சி ஆபீஸாக்கா?" என்றான்.
சேசுராஜ் பையில் கொண்டுவந்த மாதா படம் மட்டும்
நீல அங்கியோடு
அடித்த ஆணியில் அமைதியாகத் தொங்கியது.

போதாததற்கு அது ஒட்டும்.
சாய்ந்தால் முதுகில், படுத்தால் தலையணையில்,
அவன் வெள்ளைச் சட்டையின் தோளில்.
மருந்துக்கடையில் கேட்டார்களாம்,
"என்ன மாப்ளே, குங்குமமா?"
இல்லையென்று அவன் சொல்லவில்லையாம்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்.
மேற்குச் சுவரில்
ஆளுயரத்துக்கும் மேலே ஒரு நீலக் கட்டம்.
முன்பு குடியிருந்தவர்களின் பீரோவை நகர்த்தாமலே
அடித்திருக்கிறான் எவனோ.
விளிம்பெல்லாம் பிரஷ் நடுங்கியிருக்கிறது.
அடியில் சிவப்பு வழிந்து
பீரோவின் காலைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது.
பீரோ வண்டியேறிப் போயிற்று,
அளவு மட்டும் இங்கேயே.

எங்களுக்குப் பீரோ கிடையாது.
அப்படியும் சொல்ல முடியாது,
உசிலம்பட்டியில் இருக்கிறது.
நான் பிளஸ் டூ படிக்கும்போதே
சீட்டு எடுத்து அம்மா வாங்கியது.
உறை பிரிக்கவில்லை.
சாவி அவள் இடுப்பில்.
ரிஜிஸ்டர் ஆபீசுக்கு ஓடிவந்தவளோடு
பீரோவும் ஓடிவருமா என்ன.

மஞ்சனக்காரத் தெருவில் பழையது
நாலாயிரத்துக்குக் கிடைக்கும் என்றான் சேசுராஜ்.
வேண்டாம் என்றேன்.
ஏன் என்றான்.
நீலம் நல்லாத்தானே இருக்கு என்றேன்.
அதன் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன்.
துணியெல்லாம் பைகளிலேயே கிடந்தது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு புதன்கிழமை
சொல்லாமல் வந்து நின்றாள் அம்மா.
பெரியாஸ்பத்திரிக்கு என்று
அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்.
தண்ணீர் குடித்தாள்.
மாதாவைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
"என்னடி, ரத்தக்களரியா இருக்கு" என்று
சுவரைத்தான் வைதாள்.
பிறகு நீலத்தின் முன்னால் போய்
நாற்காலியை ஒதுக்கிவிட்டு
முந்தானையைச் செருகிக்கொண்டு
சாணால் அளந்தாள்.
குறுக்கே ஒரு தடவை,
எக்கி எக்கி மேலே ஒரு தடவை.
உதடு மட்டும் எண்ணியது.

"நம்மது கொஞ்சம் ஒடுக்கம்.
வலப்பக்கம் நாலு விரக்கடை
நீலம் தெரியும்."

வேறெதுவும் பேசவில்லை.
ஆரப்பாளையத்தில் பஸ் ஏற்றிவிட்டேன்.
ஜன்னல் கம்பியைப் பிடித்த கையில்
சுண்டுவிரல் ஓரமாய்ச் சிவப்பு.
துடைத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன்.
டிரைவர் ஹாரன் அடித்தார்.
இன்னும் நேரம் இருந்தது.
சொல்லவில்லை.