ஊறவைத்த பட்டாணி

ஆணை பெர்லினிலிருந்து வந்தது, ஆகஸ்டில்.
குழந்தைகளின் தோட்டங்கள் எல்லாம் மூடப்பட வேண்டும்.
காரணம்: நாத்திகம்.
எங்கள் காவல் நிலையத்தில்
கையெழுத்து நன்றாக இருந்தது எனக்கு மட்டும்தான்.
அதனால் சார்ஜென்ட் லூடிக்கேயின் பின்னால்
மைக்கூட்டை ஏந்திக்கொண்டு போனேன்.

பழைய சாயப்பட்டறையின் மாடியில்
பதினொரு பேர் இருந்தார்கள்.
மூத்த நாத்திகருக்கு வயது ஐந்து.
இளையவர் அழுதுகொண்டிருந்தார்,
யாராவது மூக்கைத் துடைத்துவிட வேண்டுமாம்.

பட்டியலில் நான்கு கட்டங்கள்:
வரிசை எண், பொருள், எண்ணிக்கை, பயன்பாடு.

கம்பளிப் பந்து ஆறு, நிறமும் ஆறு.
மரப்பந்து ஒன்று. பயன்பாடு?
"உருளும்" என்றாள் ஆசிரியை தெக்லா வீகாண்ட்.
உருளும் என்று எழுதினேன்.
கனசதுரம் ஒன்று. பயன்பாடு?
"உருளாது."
சார்ஜென்ட் என்னைப் பார்த்தார்.
நான் பேனாவை மையில் தோய்த்தேன்.
உருளை ஒன்று.
"படுக்கவைத்தால் உருளும், நிறுத்தினால் நிற்கும்.
முன்னால் சொன்ன இருவரையும்
சமாதானம் செய்துவைக்க வந்தது."
இதை அரசாங்கத் தாளில்
எந்த மொழியில் எழுதுவது?

அடுத்து, இழுப்பு மூடி வைத்த சின்னப் பெட்டி.
உள்ளே எட்டு மரக்கட்டைகள்.
எட்டு என்று எழுதப் போனேன்.
"ஒன்று" என்றது மேசைக்குக் கீழிருந்து ஒரு குரல்.

எர்ட்முத்தே. சலவைக்காரி ராடெலோஃபின் மகள்.
"எட்டு இருக்கிறதே, பெண்ணே."
"இப்போது எட்டு. வீட்டுக்குப் போகும்போது ஒன்று."
பெட்டியைக் கவிழ்த்தாள்,
அடியிலிருந்து மூடியை உருவினாள்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியை மேலே தூக்கினாள்.
ஒரே கட்டையாய் நின்றது. கோடுகூடத் தெரியவில்லை.

"நேற்று ரொட்டி அடுப்பு. முந்தாநாள் ரயில்."
"இன்றைக்கு?"
"இன்னும் தொடங்கவில்லை.
அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள்."

எண்ணிக்கைக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

ஜன்னலோரம் ஒரு கிண்ணம்,
இரவெல்லாம் ஊறிய பட்டாணி. பக்கத்தில் கூராக்கிய குச்சிகள்.
உணவா, உபகரணமா?
சார்ஜென்ட் ஒன்றை எடுத்து மென்றுபார்த்தார்.
"மன்னர் பட்டாணியைத் தடைசெய்யவில்லை" என்றார்.
ஆகவே பட்டாணி மட்டும் தப்பியது.
கதவில் அரக்கு முத்திரை வைத்தோம்.

அன்று மாலை சலவைக்காரி நிலையத்துக்கே வந்தாள்,
முழங்கை வரை சோப்பு நுரை காய்ந்திருந்தது.
"நாளைக்கு இவளை எங்கே விடுவது?
கொதிக்கிற தொட்டிக்குப் பக்கத்திலா?"
அவள் கேள்விக்கு என்னிடம் கட்டம் இல்லை.
நான்கு கட்டங்களும் பொருள்களுக்கு.

அக்டோபரில் வேறு வேலையாக அந்தத் தெருவில் போனேன்.
ராடெலோஃப் வீட்டு ஜன்னலில் ஏதோ நின்றிருந்தது.
குச்சிகள், மூலைக்கு மூலை பட்டாணி.
சுவர் இல்லை, கூரை இல்லை,
வெறும் விளிம்புகளால் ஆன வீடு.
விரல் வைத்தால் சரிந்துவிடும் என்று நினைத்து
விரல் வைத்தேன்.
அசையவில்லை.
ஊறியபோது குச்சிக்கு இடம்விட்ட பட்டாணி
காயக் காயச் சுருங்கி
அதை இறுகப் பிடித்துக்கொண்டுவிட்டது.
நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது.
நான் அப்படியொன்றும் துணிந்தவன் இல்லை.

ஒன்பது வருடம் கழித்துத் தடை நீங்கியது.
திருப்பிக் கொடுக்கப் பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினேன்.
கம்பளிப் பந்துகளை எலிகள் கூடாக்கியிருந்தன,
ஆறு நிறமும் சேர்ந்து சாம்பல் நிறம்.
பட்டியலில் ஏழாம் வரிசை
இன்னும் காலியாகவே கிடந்தது.

நிலையத்தில் யாரும் இல்லை.
பெட்டியைக் கவிழ்த்தேன்,
மூடியை உருவினேன்,
அவளைப் போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன்.

தரையெல்லாம் கட்டைகள்.
மண்டியிட்டுப் பொறுக்கினேன்.
பெஞ்சுக்கு அடியில் இரண்டு,
அடுப்புக்குப் பின்னால் ஒன்று.
எட்டும் கிடைத்தன.

எட்டு மட்டும்தான் கிடைத்தன.