நான்கு கணு

ஒன்பதே குழிகள். இலக்கில் புல் கிடையாது,
எண்ணெய் ஊற்றிக் கறுத்த மணல்தான்.
சஸ்காச்சுவானில் தண்ணீருக்கு வேறு வேலை இருக்கிறது.

ஆறாம் குழியில் என் பந்து
ஒழுங்காகத்தான் கிளம்பும்.
பாப்லர் மரம் வரைக்கும் நல்ல பிள்ளை.
பிறகு யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
இடப்பக்கம் திரும்பும்.
தாழ்ந்து, வேகமெடுத்து, வேலி தாண்டி
தம்பி ஓரெஸ்டின் கனோலாவுக்குள்.

பூத்த வயலில் பந்து தேட முடியாது.
தேடவும் மாட்டேன்.
அப்பாவின் நிலத்தைப் பிரித்து
பதினோரு அறுவடை ஆகிறது.
கம்பிக்கு அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை.

அறுவடை முடிந்ததும் வேலிக் கட்டையில்
ஓர் ஐஸ்கிரீம் வாளி தொங்கும்.
உள்ளே என் பந்துகள்.
சில, இயந்திரம் கடித்தவை.
சீட்டு இருக்காது.
காலி வாளியைக் கழுவித் திரும்ப மாட்டுவேன்.
போன வருடம் நாற்பத்தொன்று.

டோரீன்தான் போனில் படம் எடுத்துக் காட்டினாள்.
மருந்துக்கடைக்காரி,
பில்லில் சில்லறை எண்ணுவதுபோல் நிறுத்தி நிறுத்தி:
"இங்க பார் லெஸ்யா. இங்க. இங்க."
பந்தைத் தொடும் அந்தக் கண்ணிமைப்பில்
வலது கை இடது கைமேல் புரண்டு
கோலின் முகத்தை மூடிவிடுகிறது.

புரளாமல் என்ன செய்யும்?
இருபத்தாறு வருடம் கூட்டுறவு கராஜில்
துருப்பிடித்த போல்ட் கழற்றிய மணிக்கட்டு.
எதைக் கொடுத்தாலும் கழற்றப் பார்க்கும்.

இடக்கையை வெளிச்சத்தில் பார்த்தேன்.
நான்கு கணுவும் தெரிந்தன.
இரண்டு போதுமாம்.
கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேரும் கோடு
வலது தோளைச் சுட்டிக்கொண்டிருந்தது.
அதைத் தாடைப்பக்கம் கொண்டுவர வேண்டும்.
ஒரு விரற்கடை நகர்த்தல்.
அவ்வளவுதான்.

அவ்வளவுதானா!
அடுத்தவர் கையைக் கடன் வாங்கியதுபோல் இருந்தது.
ஜூன் முழுக்க இரவில் தகரக் கொட்டகையில்
தார்ப்பாய் தொங்கவிட்டு அடித்தேன்.
கொசு பிடுங்கும், கையை எடுக்கக் கூடாது.
ஸ்பேனரை, துடைப்பத்தை, டிரக்கின் ஸ்டியரிங்கை
இரண்டு கணுவோடு பிடித்துப் பார்த்தேன்.
பிடி மாறிவிடுகிறது. பிடிவாதம்
பழைய இடத்துக்கே விரலை இழுக்கிறது.

ஜூலையில் வளைவு போயிற்று.
பந்து நேராக, மிக நேராக,
வலப்பக்கக் குட்டையில் போய் விழுந்தது.
வாத்துகள் எழுந்து என்னைத் திட்டின.
கை திருந்தியிருந்தது. பாதம் மட்டும்
பழைய பொய்யிலேயே நின்றது:
எப்படியும் இடப்பக்கம் திரும்பும் என்று
வருடக்கணக்காக வலப்பக்கம் குறி வைத்த பாதம்.
இரண்டு வாரம், ஒன்பது பந்து,
அதைத் திருப்ப.

அப்புறம் ஒரு வியாழன் மாலை
போகச் சொன்ன இடத்துக்குப் பந்து போனது.
டோரீன் கை தட்டவில்லை.
"ஓ" என்றாள்.
அதிலிருந்து ஒன்றுகூட வேலி தாண்டவில்லை.

செப்டம்பர். ஓரெஸ்ட் அறுத்துக்கொண்டிருந்தான்.
ஆறாம் குழிக்கு நேரே இயந்திரம் நின்றது,
அணைக்கவில்லை.
ஏணியில் பாதி இறங்கி
தூசிக்குள்ளிருந்து கத்தினான்:

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.
அவன் கையில் வாளி. அதை ஆட்டிக் காட்டினான்.
அடியில் ஏழெட்டு உருளும் சத்தம்,
எல்லாம் ஜூனுக்கு முந்தியவை.

"நல்லாத்தான் இருக்கேன்," என்றேன்.
தொண்டை பழகாமல் உடைந்தது.
"பிடியை மாத்திட்டேன்."

இயந்திர இரைச்சலில் எது அவன் காதில் விழுந்ததோ.
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்,
அப்பாவைப்போலவே.
வாளியைக் கட்டையில் மாட்டாமல்
கம்பிக்கு மேலாக நீட்டிக்கொண்டு நின்றான்.
நடந்து போய் வாங்கிக்கொண்டேன்.

ஏழாம் குழியில் பத்து அடி.
டோரீன் ஒன்றும் கேட்காமல்
பத்து என்று எழுதிக்கொண்டாள்.