கால் மணி நேரம்

ஐம்பத்திரண்டு.
முதலில் நேரம் என்றுதான் நினைத்தேன்.
கண்ணைக் கசக்கிப் பார்த்தால்
கடிகாரத்தில் இரண்டு நாற்பது.
இது பவிஷாவின் ரத்தம்.

படம் எடுத்து அனுப்பினேன். ஒரே ஒரு டிக்.
மழை பிடித்தால் ஸ்ரீராமபுரத்துச் சந்துக்குள்
சிக்னல் இறங்கி வராது.
ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி
போனை நனைய விட்டேன்.
இரண்டு டிக். நீலம்.
உடனே மணி.

"உட்கார வையுங்க. முழிச்சிருக்காளா? முழுங்குவாளா?"
லவீனா சிஸ்டருக்கு மங்களூர்த் தமிழ்.
வினைச்சொற்கள் கொஞ்சம் தாமதமாக வரும்,
எண்கள் மட்டும் தவறாமல்.
"சர்க்கரை மூணு டீ ஸ்பூன், தலை தட்டி, தண்ணியில.
பால் வேண்டாம். சாக்லேட் வேண்டாம்.
கால் மணி கழிச்சுத் திரும்பக் குத்துங்க.
போனை வைக்காதீங்க. நான் இருக்கேன்."

டம்ளர் விளிம்பில் பல் தடதடக்கக் குடித்தாள்.
முதுகெல்லாம் வேர்வை, சில்லென்று.

அவர் யஷ்வந்தபுரம் குடோனில் இரவுக் காவல்.
ஆறு மணிக்கு வந்து காலி டம்ளரைப் பார்த்துத்தான்
தெரிந்துகொள்வார்.

போன வருஷம் டாக்டர் சொன்னபோது
சிரித்துவிட்டேன்: சின்னப் பிள்ளைக்கா சுகர்?
மாவு மில் அக்கா
மிட்டாய் வாங்கித் தந்தே கெடுத்தாய் என்றாள்.
இல்லை, அதனால் வருவதில்லை இது,
நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று
இந்தக் குரல்தான் மூன்று தடவை சொன்னது.
ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில்
பானைக்குள் பானை, நடுவில் ஈர மணல்,
உள்ளே இன்சுலின்;
அதையும் இதே குரல்தான்.
முகம் பார்த்ததில்லை.
போனில் அவள் ஒரு செம்பருத்திப் பூ.

நாலு நிமிஷம்.
அந்தப் பக்கம் ஃபேன் ஓடுகிறது.
ஒரு குழந்தை சிணுங்கி, வீறிடுகிறது.
"உங்க பாப்பாவா சிஸ்டர்?"
"பல்லு முளைக்குது. நீங்க நிமிஷத்தைப் பாருங்க."
அழுகை போனுக்கு மிகப் பக்கத்தில் வந்தது.
பிறகு எதையோ சப்புகிற சத்தம்.
அவள் மடியில் ஒன்று, என் மடியில் ஒன்று.
யாரும் பேசவில்லை.

கணக்கு அங்கிருந்து வருகிறது.
எத்தனை யூனிட், எப்போது சோறு,
எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்,
எல்லாம் வருகிறது.
குத்துவது நான்.
அதை யாரும் அனுப்ப முடியாது.

ஏழு வயதுக்குப் பத்து விரல்.
கிழமைக்கு ஒன்றென்று பிரித்து வைத்திருக்கிறாள்.
மிச்சம் மூன்றும் லீவு;
லீவு விரல்களுக்கு ஸ்கெட்ச் பேனாவில் கண், மூக்கு.
வியாழன் முடிந்து வெள்ளி பிறந்த இந்த நேரத்தில்
எந்த விரல் என்று ஒரு வழக்கே நடத்துவாள்.
இன்று நடத்தவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

என் கை நடுங்கி ஒரு ஸ்ட்ரிப் போச்சு:
அரை லிட்டர் பால்.
அடுத்ததில் அறுபத்தெட்டு.
"பரவாயில்ல, ஏறுது. அதே மூணு ஸ்பூன்.
இன்னொரு கால் மணி."
இன்னொரு கால் மணி.
மழை நின்று, ஓட்டிலிருந்து சொட்டுகிறது.
சிஸ்டர் ஒரு தடவை கொட்டாவி விட்டாள்.
"ஸாரி" என்றாள், என்னிடம்!

தொண்ணூற்றியேழு.

"ரெண்டு பிஸ்கட் கொடுத்துத் தூங்க வையுங்க.
காலையில டாக்டர்ட்ட கேட்டு
ராத்திரி டோஸை மாத்திச் சொல்றேன்."
நன்றி சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

வாயோரம் பிஸ்கட் துகளோடு
பவிஷா கண்ணைத் திறந்தாள்.
முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.
"அம்மா,
அந்தப் பாப்பாவுக்கு எவ்ளோ இருந்துச்சு?"