எடைமேடை

வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம்
நான் லாரி நிறுக்கிறேன்.
சரக்கோடு ஒரு தடவை, இறக்கிவிட்டு ஒரு தடவை.
பெரியதில் சிறியதைக் கழித்தால்
தேங்காய், அல்லது செங்கல், அல்லது கோழித்தீவனம்.
சீட்டுக்கு எழுபது ரூபாய்.

கணக்குத் தெரிந்தவள் என்று
நாடகக் குழுவுக்குப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள்.

பதினோரு மணிக்குமேல் வண்டி குறையும்.
பாழான எடைச்சீட்டுகளின் முதுகில் எழுதினேன்:
மேடையும் திரையும் இருபத்திரண்டாயிரம்.
விளக்கு எட்டு, மூன்று இரவுக்கு, இருபத்தேழு.
வேன், டீசல் சேர்த்துப் பதினாலரை.
துணியும் ஒப்பனையும் பதினொன்று.
தேநீர், பொரி, தொண்டைக்கு மிட்டாய்
ஆறாயிரத்து முந்நூறு.

அடுத்த சீட்டில் பயிற்சி.
ஏழு பேர், நாற்பது நாள்,
வேலைக்குப் போகாத நாளுக்குத் தலைக்கு முந்நூறு.
வடகரையிலிருந்து வந்து சொல்லித்தரும் சஜிதாவுக்குப்
பதினாறாயிரம், ரயில் கட்டணம் அதற்குள்ளேயே.
கூட்டினால் ஒரு லட்சம்.
ரூபாய் கூடாமல் குறையாமல் ஒரு லட்சம் வந்தால்
பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும்.
எனக்கே வந்தது. மறுபடி கூட்டினேன்.

"நடிக்கறதுக்கு எதுக்குங் பயிற்சி?
கடன்காரன் வாசல்ல நின்னா
நான் நடிக்கறதில்லீங்களா, யாரு சொல்லிக் குடுத்தா?"
என்றார் செங்கல் சூளை மைதீன் ராவுத்தர்.
கூட்டம் சிரித்தது. நானும்தான்.
திரையில் சூளையின் பெயர் எழுதினால் பத்தாயிரம் தருவார்.
பயிற்சியில் பெயர் எழுத இடமில்லை.

மானியம் கேட்டுப் போனோம்.
திருச்சூரில்,
நாடகம் தமிழாச்சே என்றார்கள்.
கோயம்புத்தூரில்,
முகவரி கேரளமாச்சே என்றார்கள்.
பாலக்காட்டில் ஓர் அறக்கட்டளை
பதினாறு பக்கப் படிவம் கொடுத்தது.
ஒன்பதாம் பக்கத்தில்:
பயிற்சியால் விளையும், அளவிடத்தக்க பயன்.

மூன்று வருட உண்டியலும் சூளைப் பணமும் சேர்ந்து
என்னிடம் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் இருந்தது.
யாரையும் கேட்காமல்
லட்சத்தை இந்தப் பக்கம் தள்ளினேன்.

ஒத்திகைக்கு எடைமேடையே போதும்,
வாடகை இல்லை.
முதல் இரவு சஜிதா குதிக்கச் சொன்னாள்.
மூட்டை தைக்கிற மயிலாத்தாள்,
கள்ளுக்கடையில் கப்பை வேகவைக்கிற ஆரோக்கியம்,
ஆட்டோ ஓட்டுகிற இரட்டையர்கள், மற்ற மூவர்.
நின்றபோது முந்நூற்றெழுபது.
இறங்கியபோது சிவப்பு எண்
ஐந்நூற்றிருபதுக்குத் தாவித் திரும்பியது.
தகரக்கூரைப் புறாக்கள் எல்லாம் பறந்தன.
"பூமிக்குக் கேக்காம எறங்ஙணும்" என்றாள் சஜிதா
தன் தமிழில்.

பிறகு முழங்கால் வீங்கியது. இரண்டு பேர் சண்டை போட்டார்கள்.
ஆரோக்கியம் ஒரு வாரம் வரவில்லை,
அந்த ஆறு நாள் கூலியைக் கழிக்க மனம் வரவில்லை.
நடுவில் லாரி வந்தால் எல்லோரும் ஒதுங்கி நிற்பார்கள்,
டிரைவர் என்னைப் பார்ப்பார்,
நான் சீட்டைப் பார்ப்பேன்.

நாற்பதாம் இரவு.
பரமத்தியிலிருந்து முட்டை ஏற்றி வந்த வண்டி
முறைக்காகக் காத்திருந்தது.
ஏழு பேரும் எழும்பினார்கள், இறங்கினார்கள்.
புறா ஒன்றும் அசையவில்லை.
முட்டை வண்டிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு
எட்டிப் பார்த்தார்.
எண் முந்நூற்றுத் தொண்ணூறைத் தொட்டு
முந்நூற்றெழுபதில் உட்கார்ந்தது.

இரண்டு சீட்டையும் அச்சடித்தேன்.
வண்டி எண்: இல்லை.
சரக்கு என்ற இடத்தில் கொஞ்சநேரம் யோசித்து
ஆட்கள் என்று அடித்தேன்.
பெரியதில் சிறியதைக் கழிக்க, நூற்று முப்பது கிலோ.
ஒன்பதாம் பக்கத்தில் குண்டூசியால் குத்தினேன்.

பதில் இன்னும் வரவில்லை.
சனிக்கிழமை நாடகம், ஒரே இரவு,
விளக்கு இரண்டு.
ராவுத்தரிடம் சொல்லவேண்டும்.
நாளைக்கு அவர் செங்கல் லோடு வருகிறது,
நிறுக்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.