வாய்ப்பூட்டு

முதல் படகு டாலாக் கரையில் முட்டும் நேரம்
கம்ப்ரெஸரின் அடிவயிற்றுத் திருகைத் திறக்கிறேன்.
ராத்திரி குடித்த தண்ணீரையெல்லாம்
சீறிக்கொண்டு கக்குகிறது.
ஆடி மாதத்தில் அரை வாளி.
ரங்கூன் மழை எல்லா இரும்புக்குள்ளும்
வாடகை தராமல் குடியிருக்கும்.

அடுத்தது ஹோஸ்.
சுத்தியலில் மாட்டுமுன்
வெறுங்காற்றை ஒருமுறை தரையைப் பார்த்து ஊதவிட வேண்டும்.
நேற்று ஒரு கரப்பான்பூச்சி வந்து விழுந்தது,
உயிரோடுதான்.
பிறகு காற்று நுழையும் வாயில் எண்ணெய், ஐந்து சொட்டு.
நான்கோடு நிறுத்தினால் பிஸ்டன் இருமும்.
"போலியோ சொட்டு ஊத்துற மாதிரி ஊத்துறியே"
என்கிறான் சவுரிமுத்து.
அவனுக்குப் பிள்ளைகள் ஐந்து.
எனக்குச் சுத்தியல்கள் ஏழு.

உளியைப் பிடித்துவைக்கும் சுருள்கம்பிக்கு
பர்மியத்தில் ஒரு பெயர், பெட்டியில் அச்சடித்த பெயர் வேறு.
நான் வைத்தது வாய்ப்பூட்டு.
மற்ற இடங்களில்
அந்தச் சொல் எனக்குப் பிடிக்காது.

போன வருஷம், தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின நாள்.
மீன்பிடிக் கப்பலொன்றின் அடியில்
இன்னும் இரண்டு முழம் துரு பாக்கி.
ஸோ நாய்ங் மூன்றாம் நம்பரை எடுத்துப்போனான்.

எடுத்துப்போனான் என்பது பொய்.
நான்தான் கொடுத்தேன்.
ஸ்பிரிங் களைத்திருந்தது தெரியும்.
தெரிந்துதான் கொடுத்தேன்.

தகட்டை விட்டு ஒரு நொடி தூக்கினான்,
விரல் விசையிலேயே இருந்தது.
உளி போனதை யாரும் பார்க்கவில்லை.
சவுரிமுத்துவின் காதுக்கும் தோளுக்கும் இடையே
ஒரு கைக்குட்டை அகலம்தான் வழி.
தகரச் சுவரைத் துளைத்து
பின்னால் மொஹிங்காக் கடைப் பெஞ்சில் தைத்து நின்றது.
கடைக்கார டா மியா அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து,
"உங்களோடதா?" என்றாள்.
சூடாக இருந்ததாம்.

சவுரிமுத்து அன்று சாயங்காலம்வரை
காதடைப்பைக் கழற்றவில்லை.

இப்போது தளர்ந்த ஸ்பிரிங்குக்கு என்னிடம் மன்னிப்பில்லை.
'தொடாதே' என்று இரண்டு மொழியில் எழுதித் தொங்கவிடுகிறேன்.
இரண்டிலும் எழுத்து உருண்டை உருண்டையாக வருகிறது,
பார்த்தால் யாருக்கும் பயம் வராது.
ஆகவே சிவப்பு மை.

வால்வை மூடினாலும் ஹோஸில் ஒரு மூச்சு மிச்சமிருக்கும்.
விசையை அழுத்தி அதையும் வெளியே விட்டபிறகுதான்
உளி மாற்றலாம்.
கோபத்துக்கும் அதே முறை என்பார் முதலாளி ஊ தெய்ன்.
அவர் ஒருநாளும் அப்படி விட்டதில்லை.

மார்கழிக் குளிரில் ஸோ நாய்ங்கின் விரல்நுனிகள்
தனாக்கா பூசியதுபோல் வெளுக்கின்றன.
கால்மணிக்கொரு தரம் கையை ஆறவிடு என்றால்
கேட்பதில்லை, காதில் அடைப்பு.
போய் வால்வைத் திருகி மூடிவிடுவேன்.
அதிர்வு நின்றபின்னும் அவன் முழங்கை
கொஞ்ச நேரம் வேலை செய்துகொண்டிருக்கும்.
கண்ணாடிக்குள்ளிருந்து முறைப்பான்.
டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கக் கொடுப்பேன்.

சுவரிலிருக்கும் ஓட்டையை அடைக்க
ஊ தெய்ன் பசை வாங்கித் தந்தார்.
டப்பா இன்னும் பிரிக்காமல் இருக்கிறது.
வெயில் நாளில் பத்து மணிக்கு அதன் வழியாக
ஒரு காசு அகலத்துக்கு வெளிச்சம் வந்து
மூன்றாம் கொக்கியில் விழும்.
மழை நாளில் சொட்டும்.
நான் எண்ணெய்ச் சொட்டை எண்ணும்போது அதுவும் சொட்ட,
மூன்றா நான்கா என்று கணக்குத் தப்பும்.

துடைத்துவிட்டு
மறுபடி ஒன்றிலிருந்து.