மூன்று மணி ரிசல்ட்

வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் கேரளம்.
அந்தப் பக்கத்து ஆட்கள்
பைக்கை ஓரமாய் நிறுத்திவிட்டு வருவார்கள்,
கடைசி நாலு எண்ணைத் தடவிப் பார்ப்பார்கள்.
ஏழுல முடியறது இருக்குதா, செசிலியக்கா?
இருக்கிறது.
இருமலும் இருக்கிறது.

முதல் தடவை
மூத்திரம் செக்கச்செவேலென்று போன மூன்று மாதம்.
சளி குறைந்தது, சோறு இறங்கியது,
மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.
கிருமி மறக்கவில்லை.
அந்த மருந்தின் முகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு
வேறு சட்டை மாட்டித் திரும்பி வந்தது.

இனிப் பழைய மருந்துக்கு மசியாது என்றார் லதிகா சிஸ்டர்,
பாதி மலையாளத்தில், பாதி என் தமிழில்.
நாலு மருந்து. இருபத்தாறு வாரம்.
ஒன்று மட்டும் முதல் இரண்டு வாரம் தினமும்,
அப்புறம் திங்கள், புதன், வெள்ளி.
வெறும் வயிறு ஆகாது.
பேர்கள் வாயில் நிற்கவில்லை,
நிறத்தையும் கிழமையையும் வைத்துப் பழகினேன்.
நெஞ்சில் களிம்பு தடவி ஒயர் ஒட்டி
இதயத்தைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தார்கள்.
அதிலும் எண்கள்தான்.

எதற்கு நாலு?
ஒரு வாசலை மட்டும் அடைத்தால் மற்றதில் தப்பும்,
நாலிலும் ஒரே நேரத்தில் ஆள் நிற்க வேண்டும் என்றார்.
எனக்குச் சிரிப்பு.
எங்கள் செக்போஸ்டைத் தாண்டாமல்
தென்னந்தோப்பு வழியாக
ராத்திரி எத்தனை கேன் போகிறதென்று
பாவம், அவருக்குத் தெரியாது.

பதினோராம் வாரம் ஒரு செருப்பைக் காணோம்.
சித்திரை வெயில், தார் இளகிக் கிடந்தது.
மிளகாய் லாரிக்காரர்தான் சொன்னார்,
ஏனுங்க, ஒத்தைக் கால்ல செருப்பில்லையே.
குனிந்து பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம்.
கால் எனக்குச் சொல்லவே இல்லை.

டாக்டர் ஒரு மாத்திரையைப் பாதியாக்கினார்.
சண்டை போட்டேன்.
வாசலைப் பாதி திறந்து விடுகிறீர்களா?
ரத்தச் சீட்டைத் திருப்பிக் காட்டினார்.
ரத்தமும் குறைஞ்சிருக்கு, காலும் வேணுமே உனக்கு.

தினமும் மூன்று மணிக்கு மேல்
என் வாயில் ஒரே சொல்.
ரங்கசாமிக்கு இல்லை.
பால் சொசைட்டி வேலாத்தாளுக்கு இல்லை.
கடன் வாங்கி அஞ்சு சீட்டு எடுத்த பஞ்சர்க்கடைப் பையனுக்கு,
முகத்தைப் பார்க்காமல்,
இல்லை.

இன்று வெள்ளி. ரிசல்ட் நேரத்தில் போன்.
ஒன்னும் இல்ல கேட்டோ, என்றார் லதிகா சிஸ்டர்.
எந்தச் சீட்டுக்கு என்றேன்.
சளிக்கு, செசிலி, சளிக்கு.
வளர்த்துப் பார்த்தார்களாம். எதுவும் வளரவில்லையாம்.

விழுந்துதாக்கா? என்கிறான் பஞ்சர்க்கடைப் பையன்.

இன்னும் எட்டு வாரம்.
ரெண்டு இட்லியை விழுங்கிவிட்டு
பாதி மாத்திரையை முதலில் போடுகிறேன்.
அதன் மேல்தான் எனக்கு இன்னும் சந்தேகம்.
கால் மரக்கட்டை மாதிரியே இருக்கிறது.
புதுச் செருப்பை
நைலான் கயிற்றால் கணுக்காலோடு கட்டியிருக்கிறேன்.
நாலரை மணிப் பொள்ளாச்சி பஸ் நிற்கிற இடம்வரை
நடந்து போய், திரும்பி,
குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.
இருக்கிறது.